அடைப்பைத் திறக்காமல் மருந்தை மட்டும் நம்பலாமா?

பித்தநாளத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் குடும்பத்தார் கேட்கும் கேள்விகளில் இரண்டு, மீண்டும் மீண்டும் காதில் விழுகின்றன. சேர்த்த முதல் நாளில், "இதைவிடப் பவரான ஊசி போட்டுப் பார்க்கலாமே, குழாய் விட்டுத்தான் ஆகவேண்டுமா?" என்பது ஒன்று. எண்டோஸ்கோப்பி முடிந்து நோயாளி தேறிவரும் நாளில், "ஊசியை ஏன் நிறுத்துகிறீர்கள், இன்னும் ஒரு வாரம் போட்டால் நல்லதுதானே?" என்பது மற்றொன்று.

இரண்டும் அன்பினால் எழும் கேள்விகள், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. தொற்றைக் குணப்படுத்துவது மருந்து, மற்றவையெல்லாம் அதற்குத் துணை என்பதே அது. பித்தநாளத்தைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. அடைப்பைத் திறப்பதே முதன்மைச் சிகிச்சை. ஆன்டிபயாடிக் என்று வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி அதற்குத் துணை. இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொள்வதால் சிலர் திறக்க வேண்டிய நேரத்தில் தயங்குகிறார்கள். வேறு சிலர் நிறுத்த வேண்டிய நேரத்தில் மருந்தைத் தொடர்கிறார்கள். முன்னது உடனடி ஆபத்து. பின்னது மெல்ல வந்து சேரும் ஆபத்து. இரண்டையும் தவிர்ப்பதில் மருத்துவருக்குள்ள பொறுப்பில் ஒரு பங்கு குடும்பத்தாருக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பித்தம் தேங்கினால் நேர்வது என்ன?

கல்லீரல் நாள்தோறும் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தநாளம் என்னும் மெல்லிய குழாய் வழியாக முன்சிறுகுடலை அடைகிறது. குழாயின் கடைவாயில் வளையம்போன்ற தசை ஒன்று உண்டு. பித்தத்தைக் குடலுக்குள் விடுவதும், குடலில் வாழும் கிருமிகள் மேலேறாமல் தடுப்பதும் அதன் வேலை. தடையின்றி ஓடும்வரை பித்தநீரில் பொதுவாகக் கிருமிகள் தங்குவதில்லை.

பித்தப்பையிலிருந்து நழுவிய கல்லோ, கட்டியால் உண்டான நெருக்கமோ, முன்பு வைத்த ஸ்டென்ட் அடைபட்டுப் போனதோ அந்த ஓட்டத்தை மறித்துவிட்டால் பித்தம் தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன. ஈ. கோலை, கிளெப்சியெல்லா, என்டிரோகாக்கஸ் ஆகியவை அவற்றுள் அடிக்கடி காணப்படுபவை. நாளத்தினுள் இயல்பாக 7 முதல் 14 செ.மீ. நீர்மட்ட அளவில் இருக்கும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அது 25 செ.மீ. அளவைத் தாண்டும்போது, பித்தத்திலுள்ள கிருமிகளும் அவற்றின் நச்சும் கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் பின்னோக்கித் தள்ளப்படுகின்றன. நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல் வருவது இதனால்தான்.

இங்கேதான் மருந்தின் எல்லையும் தெரிகிறது. நரம்பில் செலுத்தும் நுண்ணுயிர்க்கொல்லி இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. இரத்தத்தில் புகுந்துவிட்ட கிருமிகளோடு அது நன்றாகவே போராடும். ஆனால் முற்றிலும் அடைபட்ட நாளத்தினுள் அது போதிய அளவில் இறங்குவதில்லை. கல்லீரல் பித்தத்தைச் சுரந்து வெளியேற்றும்போதுதான் மருந்தும் அதனுடன் நாளத்துக்குள் வரும். அழுத்தம் மிகுந்து சுரப்பே குன்றியபின் மருந்து வருவதற்கு வழியில்லை. சாக்கடை அடைத்துக்கொண்ட வீட்டில் எத்தனை போத்தல் பினாயில் ஊற்றினாலும், அடைப்பை எடுக்கும்வரை நாற்றம் போகாது. பித்தநாளத்தின் கதையும் அதுவே.

காய்ச்சல் தணிந்தால் நோய் தணிந்ததாகுமா?

பித்தநாளத் தொற்றின் அடையாளங்களைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-ஆம் ஆண்டிலேயே வகுத்துக் கூறினார்: காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலப்பக்க மேல்வயிற்றில் வலி. நோய் முற்றும்போது இரத்த அழுத்தம் சரிதலும் நினைவு தடுமாறுதலும் சேர்ந்துகொள்ளும் என்று 1959-இல் ரெனால்ட்ஸ், டார்கன் என்னும் இருவர் எழுதினர். ஐந்தும் ஒருங்கே தோன்றும்வரை காத்திருப்பது பெரும்பிழை. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் சோர்வும் உளறலும் மட்டும் இருக்கக்கூடும். "வயசாகிவிட்டது, அப்படித்தான் பேசுவார்" என்று வீட்டார் விட்டுவிடுவதும் உண்டு.

ஊசி போட்ட முதல் இரண்டு நாட்களில் பலருக்குக் காய்ச்சல் தணிகிறது. வலியும் குறைகிறது. இந்த ஆறுதலே சில வேளைகளில் கண்ணை மறைத்துவிடுகிறது. "சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறோம், குழாய் எல்லாம் வேண்டாம்" என்று கையெழுத்திட்டுச் செல்பவர்கள் இருக்கிறார்கள். இரத்தத்தில் இருந்த கிருமிகளை மருந்து குறைத்ததனால் காய்ச்சல் தணிந்தது. நாளத்தில் இருந்த கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மருந்து நின்றபின் அதே தொற்று திரும்பி வரும். வரும்போது, முன்பு கொடுத்த மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் அழைத்து வரக்கூடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் கண் மஞ்சளானால் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லியும் பத்தியமும்தான். வைரஸ் கிருமியால் வரும் காமாலையில் பெரும்பகுதி ஓய்வினாலேயே சில வாரங்களில் தணிந்துவிடும். அந்த அனுபவமே அடைப்புக் காமாலைக்கும் பொருந்தும் என்று எண்ணுவதில்தான் ஆபத்து இருக்கிறது. காமாலையுடன் குளிர்காய்ச்சல், வலப்பக்க வயிற்றுவலி, உடல் அரிப்பு, வெளுத்த மலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால், அது கல்லீரலின் பிரச்சினையா அடைப்பின் பிரச்சினையா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தபிறகே வேறு பேச்சு. நடுக்கத்துடன் காய்ச்சல் இருந்தால் அன்றைய பொழுதைக்கூடக் கடத்தக் கூடாது.

மருந்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை

மேலே சொன்னதைக் கொண்டு, நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. தொற்று என்று கண்டவுடன் மருந்து தொடங்கியாக வேண்டும். இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்குள்ளும் முதல் ஊசி சேர வேண்டும் என்று டோக்கியோ வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. பித்தநாளத் தொற்றுக்கென்றே உலக மருத்துவர்கள் கூடி 2007-இல் வகுத்து, 2013-லும் 2018-லும் திருத்திய நெறிகள் இவை. நாளத்தைத் திறக்கும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதும், திறக்கும்போது இரத்தத்தில் புகும் கிருமிகளை மறிப்பதும் இந்த மருந்துதான்.

எந்த மருந்து என்பதைப் பெயரின் பெருமையோ விலையோ தீர்மானிப்பதில்லை. ஒவ்வோர் ஊரிலும் மருத்துவமனையிலும் கிருமிகள் எந்த மருந்துக்கு அடங்குகின்றன என்ற கணக்கே தீர்மானிக்கிறது. நம் நாட்டில் இந்தக் கணக்கு கவலைக்குரியது. பெரிய மருத்துவமனைகளிலிருந்து ஐ.சி.எம்.ஆர். திரட்டி வெளியிடும் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், ஈ. கோலை கிருமிகளில் பெரும்பகுதி செஃபோடாக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை மருந்துகளுக்கு அடங்குவதில்லை என்பது தெரியும். இதனால்தான் மருந்து தொடங்குமுன் இரத்தக் கல்ச்சர் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கப்படுகிறது. எண்டோஸ்கோப்பியின்போது பித்தநீரும் பரிசோதனைக்கு அனுப்பப்படுவதுண்டு. முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். முதலில் பரந்த ஆற்றலுள்ள மருந்தில் தொடங்கி, முடிவு வந்தபின் கிருமிக்கு ஏற்ற எளிய மருந்துக்கு மாறுவது நல்ல மருத்துவம். "முதலில் பெரிய ஊசி போட்டார்கள், இப்போது சின்ன மருந்துக்கு மாற்றிவிட்டார்கள்" என்று குடும்பத்தார் மனம் கலங்குவதைக் காண்கிறோம். அந்த மாற்றம் மகிழ வேண்டிய ஒன்று. கிருமி இன்னதென்று தெரிந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

வாய் வழியாகக் குழாயைச் செலுத்தி, முன்சிறுகுடலில் திறக்கும் பித்தநாளத்தின் வாயைக் கண்டு, அதன்வழியே கல்லை எடுப்பதோ ஸ்டென்ட் வைப்பதோதான் இ.ஆர்.சி.பி. எனப்படும் எண்டோஸ்கோப்பி முறை. நாளத்தின் வாய்க்குள் எண்டோஸ்கோப்பி வழியாக நுண்குழாயைச் செலுத்தியதை அமெரிக்க மருத்துவர் வில்லியம் மக்யூன் 1968-இல் முதன்முதலாக எழுதினார். ஜெர்மனியில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கவாயும் 1974-இல் அந்த வாயின் தசையைச் சிறிதளவு வெட்டித் திறக்கும் வழியைக் கண்டார்கள். அதற்குமுன் வயிற்றைக் கிழித்துச் செய்யும் அறுவை சிகிச்சையே பெரும்பாலோருக்கு வழியாக இருந்தது.

எல்லோருக்கும் நள்ளிரவிலேயே இதைச் செய்ய வேண்டியதில்லை. நோயின் கடுமையைப் பொறுத்து நேரம் அமைகிறது. அதிர்ச்சி நிலையில் உள்ளவருக்கு இயன்றவரை விரைவாக, 12 மணி நேரத்துக்குள் நாளம் திறக்கப்பட வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சங்கத்தின் நெறி கூறுகிறது. நடுத்தரக் கடுமை உள்ளவருக்கு 48 முதல் 72 மணி நேரம். லேசான தொற்றுக்கு மருந்தினால் உடல் சீரானபின், வசதியான நாளில் செய்யலாம். நடுத்தரம் என்று கருதுவதற்கும் அளவுகோல்கள் உண்டு. 75 வயதோ அதற்கு மேலோ ஆகியிருத்தல், 39 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், பிலிருபின் 5-ஐ எட்டியிருத்தல், வெள்ளணுக்கள் மிகக் கூடியோ மிகக் குறைந்தோ இருத்தல், ஆல்புமின் தாழ்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் இரண்டு இருந்தால் அது நடுத்தரம். சிறுநீரகம், நுரையீரல், நினைவு ஆகியவற்றில் ஏதேனும் தடுமாறினால் அது கடுமை.

இந்த அளவுகோல்களைக் குடும்பத்தார் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் "எங்கள் நோயாளி எந்தப் படியில் இருக்கிறார், நாளத்தை எப்போது திறக்கப் போகிறீர்கள்?" என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. "எந்த ஊசி போடுகிறீர்கள்?" என்ற கேள்வியைவிட இந்தக் கேள்வி நோயாளிக்கு நன்மை செய்யும். இ.ஆர்.சி.பி. வசதி இல்லாத சிறிய மருத்துவமனையில் இருப்பவருக்கு இக்கேள்வியே உயிர்காக்கும் கேள்வியாகலாம். அங்கே முதல் ஊசியைப் போட்டுவிட்டு, அன்றே வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவது முறை. நான்கு நாள் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, நினைவு தப்பியபின் அனுப்புவது முறையன்று.

முதியவர் இதைத் தாங்குவாரா?

"எண்பது வயதுப் பெரியவர், இதயமும் பலவீனம், இந்த உடம்பில் குழாய் விடுவதா?" என்ற தயக்கம் நியாயமானதே. இ.ஆர்.சி.பி. ஆபத்தே இல்லாத ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது. கணைய அழற்சி, இரத்தக்கசிவு, அரிதாகக் குடலில் துளை ஆகியவை நேரக்கூடும். இவற்றைச் சொல்லித்தான் ஒப்புதல் பெற வேண்டும். சொல்லாமல் கையெழுத்து வாங்குவது தவறு.

ஆனால் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். கடுமையான தொற்றோடு திறக்கப்படாமல் இருக்கும் நாளம், முதியவருக்கு எண்டோஸ்கோப்பியைக் காட்டிலும் பெரிய ஆபத்து. ஹாங்காங்கில் கடுமையான பித்தநாளத் தொற்றுற்ற 82 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சையும் மறு பிரிவுக்கு எண்டோஸ்கோப்பி வழி வடிப்பும் செய்தனர். 1992-இல் வெளியான அந்த ஆய்வில், அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 32 பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். எண்டோஸ்கோப்பிப் பிரிவில் இறந்தவர்கள் நூற்றுக்கு 10 பேர். பலவீனமான உடலுக்கு உகந்த வழி எது என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது.

நோயாளி மிகத் தளர்ந்திருந்தால் முதல் நாளே கல்லையெல்லாம் எடுத்துத் தீர வேண்டியதில்லை. ஒரு சிறிய ஸ்டென்டை வைத்துப் பித்தம் ஓட வழி செய்துவிட்டு, உடல் தேறியபின் இரண்டாம் முறை கல்லை எடுக்கலாம். எண்டோஸ்கோப்பியே இயலாதவருக்குத் தோல் வழியாக, ஸ்கேன் துணையுடன் கல்லீரலுக்குள் ஊசியைச் செலுத்திப் பித்தத்தை வடிக்கும் முறையும் உண்டு. எந்த வாயில் வழியாகச் செல்வது என்பதில் மருத்துவர்களுக்குள் வேறுபாடு இருக்கலாம். திறக்க வேண்டுமா என்பதில் வேறுபாடு இல்லை.

"பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஊசி போட்டார்கள், எங்களுக்கு ஏன் இல்லை?"

தொற்று இல்லாமலேயே, கல்லுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ நாள் குறித்து இ.ஆர்.சி.பி. செய்துகொள்ள வருபவர்களின் குடும்பத்தார் கேட்கும் கேள்வி இது. முன்னெச்சரிக்கையாக ஓர் ஊசி போட்டால் என்ன என்பது அவர்கள் எண்ணம்.

எண்டோஸ்கோப்பிக்குப் பின் புதிதாகப் பித்தநாளத் தொற்று வருவது ஏறத்தாழ நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரைக்குத்தான். பெரும்பாலும், சாயம் செலுத்தப்பட்டும் பித்தம் முழுமையாக வடியாமல் நின்றவர்களுக்கே அது வருகிறது. கல் முழுதும் வெளியேறி, நாளம் நன்றாகத் திறந்துவிட்டால் கிருமிகள் தங்க இடமில்லை. ஆகவேதான் அமெரிக்க, ஐரோப்பிய நெறிகள் எல்லோருக்கும் முன்ஊசி போடுவதை ஆதரிப்பதில்லை. கல்லீரலுக்குள் கிளை கிளையாக நெருக்கங்கள் உள்ளவர், வடிப்பு முழுமை பெறாது என்று முன்பே கருதப்படுபவர், நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர், கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர் ஆகியோருக்கு ஊசி உண்டு. அடைப்புள்ள எல்லோருக்கும் ஒரே ஒரு முறை கொடுத்தால் நன்மையா என்பது பற்றி ஆய்வுகளும் விவாதமும் தொடர்கின்றன. நாளை நெறிகள் மாறவும் கூடும். இன்றைய நிலையில், பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போட்ட ஊசி அவருடைய நோய்க்காகப் போட்டது. உங்களுக்குப் போடாதது கவனக்குறைவு என்று பொருளல்ல. செயற்கை இதய வால்வு வைத்தவராக இருந்தாலோ, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்பவராக இருந்தாலோ, ஏதேனும் மருந்து ஒவ்வாமை இருந்தாலோ அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது உங்கள் கடமை. முடிவு அதைப் பொறுத்தும் மாறும்.

கருவியின் தூய்மைக்கு எந்த ஊசியும் ஈடாகாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இ.ஆர்.சி.பி. குழாயின் நுனியில் நுண்குழாயைத் தூக்கிக் கொடுக்கும் சிறு அசைவுறுப்பு ஒன்று உண்டு. அதன் இடுக்குகளைத் தூய்மை செய்வது கடினம் என்றும், எம்மருந்துக்கும் எளிதில் அடங்காத கிருமிகள் அவ்வழியே நோயாளிக்கு நோயாளி பரவக்கூடும் என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. அதன்பின் உலகெங்கும் தூய்மை நெறிகள் கடுமையாயின. கழற்றி எறியும் நுனிகளைக் கொண்ட கருவிகளும் வந்தன. கருவி எவ்வாறு தூய்மை செய்யப்படுகிறது என்று எந்த மருத்துவமனையிலும் நீங்கள் தயங்காமல் கேட்கலாம். நல்ல மருத்துவமனை அதற்கு முகம் சுளிக்காது.

எத்தனை நாள் போதும்?

இரண்டாம் கேள்விக்கு வருவோம். நாளம் நன்றாகத் திறந்தபின் நான்கு முதல் ஏழு நாள் நுண்ணுயிர்க்கொல்லி போதும் என்று டோக்கியோ நெறிகள் கூறுகின்றன. இரத்தத்தில் என்டிரோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் காணப்பட்டால் குறைந்தது இரண்டு வாரம் தேவை. கல் எஞ்சியிருந்தாலோ, கல்லீரலில் சீழ்க்கட்டி இருந்தாலோ நாட்கள் கூடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றினுள் தொற்றுற்ற 518 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தொற்றின் மூலத்தைச் சரிசெய்தபின் நான்கு நாள் மருந்து பெற்றவர்களுக்கும் எட்டு நாளளவு பெற்றவர்களுக்கும் பலனில் வேறுபாடு இல்லை. அந்த 518 பேரும் பித்தநாள நோயாளிகள் அல்லர். எனினும் மூலத்தைச் சரிசெய்தால் நீண்ட மருந்து தேவையில்லை என்ற பாடம் இங்கும் பொருந்தும்.

"கூடுதலாக நாலு நாள் போட்டால் கெட்டுவிடப் போகிறதா?" என்று கேட்பவர் உண்டு. கெடக்கூடும் என்பதே விடை. குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து கடும் வயிற்றுப்போக்கு வரலாம். காமாலை உற்றவரின் சிறுநீரகம் முன்பே நலிந்திருக்கும். சில மருந்துகள் அதை மேலும் நலிவுறுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்துக்குத் தப்பிய கிருமிகள் உங்கள் உடலிலேயே குடியேறும். கல் மீண்டும் உண்டாகக்கூடியவர்களும் ஸ்டென்ட் மாற்ற வேண்டியவர்களும் திரும்பத் திரும்ப எண்டோஸ்கோப்பிக்கு வருபவர்கள். இன்று தேவையின்றி உண்ட மருந்து, அடுத்த முறை உண்மையாகத் தேவைப்படும்போது பயனற்றுப் போயிருக்கும். ஆகவே மருந்தைச் சிக்கனமாகக் கொடுப்பதால் முதலில் பயன்பெறுபவர் அந்த நோயாளியே. நாட்டு நலன் அதன்பின் வருவது.

இதைப் பற்றிய கவலை நமக்குப் புதிதன்று. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, நுண்ணுயிர்க்கொல்லிகளின் கட்டற்ற பயன்பாட்டைத் தடுக்கச் செய்ய வேண்டியவற்றை வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்றே அது வழங்குகிறது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள அட்டவணை எச்1 விதியின்படி, முக்கியமான நுண்ணுயிர்க்கொல்லிகளை மருந்துச்சீட்டின்றி விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். இருந்தும், சென்ற முறை எழுதிய பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு, ஐந்தாம் நாள் நடுக்கத்தோடு வருபவர்களைக் காண்கிறோம். விதி கடைக்காரரைத்தான் கட்டுப்படுத்தும். வீட்டு அலமாரியில் மிஞ்சியிருக்கும் மாத்திரையை வீட்டார்தாம் கட்டுப்படுத்த வேண்டும்.

மறந்துபோகும் ஸ்டென்ட்

அடைப்பைத் திறந்ததோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருந்தால் அது காலப்போக்கில் படிவு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பொதுவாக மூன்று மாதத்துக்குள் அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வலி இல்லை, காமாலை இல்லை என்பதால் மறந்துவிட்டு, ஓராண்டு கழித்துக் கடும் தொற்றோடு வருபவர்கள் உண்டு. அப்போதும் அவர்கள் முதலில் கேட்பது ஊசிதான். அடைபட்ட ஸ்டென்டை எந்த ஊசியும் திறக்காது. டிஸ்சார்ஜ் அறிக்கையில் ஸ்டென்டை எடுக்க வேண்டிய தேதியைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரக் கேளுங்கள். நோயாளியின் கைப்பேசியில் மட்டுமன்றி, வீட்டில் இன்னொருவரின் கைப்பேசியிலும் அத்தேதியைக் குறித்து வையுங்கள். பித்தப்பையில் கற்கள் இருந்து நாளத்துக்கு நழுவியிருந்தால், பித்தப்பையை எடுக்கும் அறுவையையும் தள்ளிப்போடாதீர்கள். பை இருக்கும்வரை அடுத்த கல் நழுவ வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கும்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள்

பழியைக் குடும்பத்தார் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. ஊசியின் பெயரும் விலையும் பில்லில் தெளிவாக அச்சாகின்றன. நாளத்தை எப்போது திறக்கப் போகிறோம், மருந்தை எந்த நாளில் நிறுத்தப் போகிறோம் என்ற இரண்டும் பெரும்பாலும் வாய்வார்த்தையாகவே நின்றுவிடுகின்றன. கண்ணில் படுவதைத்தான் குடும்பத்தார் சிகிச்சை என்று கருதுவார்கள். பித்தநாளத் தொற்றோடு சேரும் ஒவ்வொருவரின் படுக்கையிலும் தொங்கும் குறிப்பேட்டில், அவர்கள் மொழியிலேயே இரண்டு வரிகள் எழுதப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை: அடைப்பைத் திறக்கும் நாளும் நேரமும், மருந்து முடியும் நாள். காரணம் இருந்து அவை மாறினால் அடித்து எழுதலாம். ஆனால் எழுதாமல் விடக் கூடாது.

அதுவரை, குடும்பத்தாராகிய நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு. அடைப்பு எதனால், எங்கே இருக்கிறது? அதை எப்போது, எம்முறையில் திறக்கப் போகிறீர்கள்? கல்ச்சர் முடிவு வந்ததா, மருந்து அதற்கேற்ப மாற்றப்பட்டதா? மருந்து எந்த நாளில் நிற்கும், ஸ்டென்ட் இருந்தால் எந்த நாளில் வெளியே வரும்? ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து கேளுங்கள். விடைகளையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியபின் நடுக்கத்துடன் காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ, கடும் வயிற்றுவலியோ, கருத்த மலமோ கண்டால், மிஞ்சிய மாத்திரையைத் தேடாமல் அந்தத் தாளோடு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.